படகுத்துறையில் மூன்று பற்கள்!

"டக்...! ஐயோ, டக்...!"

டிரிஷின் அலறல் ஏரியைத் தாண்டி, அக்கரைப் பைன் மரங்களில் மோதித் திரும்பி வந்தது.

படகுத்துறைப் பலகையின் மேல் ஒரு கண்ணாடி கிளாஸ்.

கிளாஸுக்குள் தண்ணீர்.

தண்ணீருக்குள்... மூன்று பற்கள்!

வழக்கமாக இந்த மாதிரிக் கதைகளில் முதல் பக்கத்திலேயே முழுசாக ஒரு பிணம் கிடைக்கும். இந்த ஆசிரியனின் ராசி, பல் செட்தான் கிடைத்தது. இருப்பதை வைத்துக்கொண்டு பயமுறுத்தப் பார்க்கிறேன்.

கிளாஸுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன். ஒரு தொப்பி. ஒரு லைஃப் ஜாக்கெட். பலகையில் சிவப்பாக ஒரு கறை...!

(கெச்சப். முந்தின நாள் ஹாட் டாக் சாப்பிட்டபோது சிந்தியது. கடைசிப் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போய் கெச்சப் என்றால் புத்தகத்தைக் கிழித்துவிடுவீர்கள். அதனால் இப்போதே சொல்லிவிட்டேன்.)

கட்டியிருந்த படகைக் காணோம்.

டக்கையும் காணோம்!

டக் மெக்காஸ்கில். டிரிஷின் புருஷன். வயது முப்பத்தொன்பது. ஐஸ் ஹாக்கியின் பெரிய லீகில் பத்தொன்பது வருஷம் டிஃபன்ஸ் ஆடியவன். முன்பல் மூன்றையும் இளம் வயதிலேயே ஒரு ரப்பர் வட்டுக்குக் காணிக்கை கொடுத்தவன். ஜூன் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. ஜூலை முதல் தேதி, கனடா தினத்தன்று, ஆட்டக்காரர் சந்தை திறந்தது. மீசை முளைக்காத பயல்களெல்லாம் மத்தியானத்துக்குள் விலை போனார்கள். டக்கை மட்டும் யாரும் சீண்டவில்லை.

ஆயிரம் ஆட்டம் ஆடியவனுக்கு லீக் ஒரு வெள்ளி மட்டை கொடுக்கும்.

டக் ஆடியிருந்தது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.

ஒன்பது ஆட்டம்... ஒன்பதே ஆட்டம்! அதற்காகத்தான் இரண்டு வாரமாக அந்தப் படகுத்துறையில் உட்கார்ந்து, வராத போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இப்போது போன் இருக்கிறது. அவன் இல்லை!

* * *

நாணல் புதரின் மறைவில் ஒரு சின்னத் துடுப்புப் படகு. அதற்குள் ஒரு பெரிய தொப்பை. தொப்பைக்கு மேல் பைனாகுலர்.

கார்ட் பெல்கி!

தொழில், வதந்தி. எந்தக் கிழட்டு ஆட்டக்காரன் எந்தக் கிளப்புக்குப் போகிறான் என்று மாமியார் வீட்டு பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து கோடை முழுக்கப் பதிவு போடுகிறவன். பத்தில் ஒன்பது தப்பு. மீதி ஒன்று வேறொருவன் சொன்னது. ஆனாலும் நாடே அவனைத்தான் படித்தது.

அவன் விரல்கள் செல்போனில் பரபரத்தன.

'அதிர்ச்சி! டக் மெக்காஸ்கில் ஏரியில் மூழ்கி மரணம்! தகவல் - குடும்பத்துக்கு நெருக்கமான வட்டாரம்.'

நெருக்கம்தான். நடுவில் நாணல் மட்டும்தான் இருந்தது.

பதிவு போன பிறகுதான் போலீஸ் ஞாபகம் வந்தது. நம்பரை அழுத்தினான். பதற்றத்தில் எழுந்து நின்று பேசினான். அந்த மாதிரிப் படகில் எழுந்து நிற்கக்கூடாது என்று அந்த ஊரில் தவழும் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

தொபுக்கடீர்! போன் பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலேயே நின்றது.

* * *

சார்ஜென்ட் டோரீன் வந்து இறங்கினாள். டிரிஷுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். பெண்கள் ஹாக்கி டீமில் கோல்கீப்பர். ஊரில் குற்றமே நடக்காததால் கோலை மட்டும் காவல் காத்து வந்தவள்.

பல்லைப் பார்த்தாள். போனை எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"டிரிஷ், அழாதே. கடைசியா அவனை எப்ப பாத்தே?"

"காலைல. சமையல்கட்டு ஜன்னல் வழியா. இதே பலகையில நின்னுட்டிருந்தான்."

"பேசினியா?"

"இல்ல. கைல போனை வெச்சுப் பாத்துட்டே இருந்தான். அப்புறம் கீழ வெச்சுட்டான்."

"மனசு எப்படி இருந்துது?"

"எப்படி இருக்கும் டோரீன்? போனை எடுத்துக்காம கக்கூசுக்குக் கூடப் போனதில்ல. மணி அடிச்சா போதும், தாவி எடுப்பான். போன வாரம் ஒரு அழைப்பு வந்துது. கார்ப்பெட் கழுவணுமான்னு கேட்டாங்க. அதுக்கே 'ரொம்ப நன்றி சார்'னு சொன்னான்!"

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அடக்கியதும் அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டாள்.

"பல்லை எதுக்கெல்லாம் கழட்டுவான்?"

"ரெண்டே ரெண்டுக்குத்தான். தூங்கறதுக்கு... ஐஸ்ல இறங்கறதுக்கு."

டோரீனின் காதுமடல் விறைத்தது.

ஐஸ்!

ஹாக்கி ஆடும் எவனும் பொய்ப்பல்லோடு ஐஸில் இறங்க மாட்டான். அவர்கள் ஊர் அரங்கம் ஜூலையில் வெறும் சிமென்ட் தரை. ஆனால், ஏரிக்கு அக்கரையில் செயின்ட் லூக் அரங்கத்தில் கோடையிலும் ஐஸ் உண்டு!

"டிரிஷ்! அவனோட ஹாக்கிப் பை எங்க?"

"ஷெட்லதான் வெப்பான்."

டோரீன் ஓடினாள். ஷெட் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

உவ்வே...!

பத்தொன்பது வருஷத்து வியர்வை. ஊறின கையுறை. காயாத முழங்கால் பட்டை. எலி கூட விலாசத்தை மாற்றிக்கொண்டு போயிருக்கும்!

பட்டென்று கதவைச் சாத்தினாள்.

"பை உள்ளதான் இருக்கு" என்றாள் மூக்கைப் பொத்தியபடி. உள்ளே பார்க்கவில்லை. ஹாக்கிக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பையைக் கண்ணால் தேட மாட்டார்கள்.

பை இருக்கிறது. அப்படியென்றால் ஐஸுக்குப் போகவில்லை.

தூங்கவும் இல்லை.

டோரீன் ஏரியைப் பார்த்தாள். அது பாட்டுக்கு அமைதியாக, ஒன்றும் தெரியாதது போல் கிடந்தது.

"மூழ்கித் தேடறவங்களை வரச் சொல்றேன்..." என்றாள் மெல்லிய குரலில்.

டிரிஷ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

* * *

"யோவ்! யாருய்யா அது? கையைத் தூக்கு!"

நாணலிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு உருவம் எழுந்தது. கழுத்தில் பைனாகுலர். தலையில் பாசி.

"சுடாதீங்க சார்ஜென்ட்! நான் கார்ட்... கார்ட் பெல்கி! உங்களுக்கு போன் பண்ணதே நான்தான்!"

"ஓஹோ! ஆளு காணாமப் போற நேரத்துக்குக் கரெக்டா புதர்ல உக்காந்திருக்கே. என்ன பண்ணே டக்கை?"

"ஒண்ணும் பண்ணலை! வதந்திதான் கெளப்பினேன். அது என் தொழில்!"

"என்ன வதந்தி?"

"ஏழு கிளப் டக் மேல கண்ணு வெச்சிருக்குன்னு... அதுல மேற்குல ஒரு மர்மக் கிளப் வெறியா இருக்குன்னு..."

"எந்தக் கிளப்?"

"மர்மம்னு சொல்றேன்ல சார்ஜென்ட்! பேரு தெரிஞ்சா அப்புறம் என்ன மர்மம்?"

அப்போது ஒரு வெள்ளைக் கார் சரளைக்கல்லைச் சிதறடித்துக்கொண்டு வந்து நின்றது. சில்க் சட்டை. கூலிங்கிளாஸ். டக்கின் ஏஜெண்ட் மார்செல் திபோ! பாதி வழியில் செய்தியைக் கேட்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது.

"டிரிஷ்... நிஜமாவா?"

டிரிஷ் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டோரீன் அவன் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்டர் திபோ, அந்த மர்மக் கிளப் எது?"

மார்செல் தொண்டையைச் செருமினான்.

"அது... கார்ட் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் நானும் கிளப்களுக்குச் சொன்னேன்."

"என்னது!" கார்ட் குதித்தான். பாசி தெறித்தது. "நீங்க சொன்னதாலதானே நான் எழுதினேன்!"

"நான் எங்கய்யா சொன்னேன்? 'இருக்கலாம்'னேன்!"

"அதைத்தான் 'இருக்கு'ன்னு போட்டேன்! ஒரு எழுத்துக்காரனுக்கு அந்த உரிமை கூடக் கிடையாதா?"

"ஆக," டோரீன் பல்லைக் கடித்தாள், "மர்மக் கிளப்பே கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து, நம்பிட்டு உக்காந்திருந்த ஒரு மனுஷனைக் கொன்னுட்டீங்க."

கார்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது குறுக்கிட்டது போலீஸ் காரின் ரேடியோ. விளையாட்டுச் செய்தி அலறிக்கொண்டிருந்தது.

'...நாடு முழுவதும் சோகம்! இதுவரை பதினோரு கிளப்கள் இரங்கல் தெரிவித்துள்ளன. ரெஜைனா கிளப்பின் மேனேஜர் ஹால்வர்சன் நம்மோடு லைனில் இருக்கிறார். சொல்லுங்க சார்...'

'டக் மாதிரி ஒரு வீரன் இனிமே பொறக்கப் போறதில்லைங்க. நாளைக்கே எங்க கிளப்புக்கு எடுக்கறதா இருந்தோம். ஒரு வருஷ ஒப்பந்தம். பேப்பர் என் மேஜை மேல ரெடியா இருக்கு. கையெழுத்துதான் பாக்கி... கொடுத்து வைக்கலை!'

மார்செல் வாயைப் பிளந்தான்.

"புளுகன்! முந்தாநாள் நான் போன் பண்ணப்போ, 'டக்கா? இன்னும் ஆடறானா?'ன்னு கேட்டான்!"

செத்தவனைப் புகழ்வதில் செலவே கிடையாது. பத்து மேனேஜர்கள் 'எடுக்க நினைத்தோம்' என்றார்கள். ஹால்வர்சன் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு மேஜை வரைக்கும் போய்விட்டான்.

"ஹச்... ஹச்சூ!"

கார்ட் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"இரு, போர்வை தரேன். நீ ஜுரத்துல செத்தா அதுக்கும் நான்தான் ரிப்போர்ட் எழுதணும்" என்ற டோரீன், கார் டிக்கியைத் திறந்தாள்.

குப்...!

அதே நாற்றம். அவளுடைய ஹாக்கிப் பையின் நாற்றம்.

போர்வையை எடுத்தாள். இரண்டடி நடந்தாள்.

நின்றாள்!

"என் பை... என் பை வீட்ல கொடியில காயுதே! ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டேனே!"

"அதனால என்ன சார்ஜென்ட்?" என்றான் கார்ட், போர்வைக்குக் கை நீட்டியபடி.

"அட மக்கு! பை இல்ல... ஆனா நாத்தம் இருக்கு!"

போர்வையை அவன் முகத்தில் எறிந்துவிட்டு ஷெட்டுக்குப் பாய்ந்தாள். இந்த முறை கதவை அகலத் திறந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். கண்ணைத் திறந்தாள்.

புல் வெட்டும் மிஷின். ஒரு பழைய சைக்கிள்.

பை இல்லை!

பத்தொன்பது வருஷம் குடியிருந்த நாற்றம், பையைப் பின்தொடராமல் வீட்டிலேயே தங்கியிருந்தது.

"நான் ஒரு வடிகட்டின முட்டாள்..." என்று முனகினாள் டோரீன். நாடகத்தில் போலீஸ் எப்போதுமே கடைசியில்தான் வரும் என்பார்கள். இவள் முதலிலேயே வந்து, மூக்கை நம்பிக் கெட்டவள்!

* * *

தேடுவதற்காக வந்த போலீஸ் படகு, தேடாமல் அக்கரைக்கே பறந்தது. டோரீன், டிரிஷ், மார்செல், போர்வைக்குள் கார்ட்.

வழி நெடுக ஒவ்வொரு வீட்டுப் படகுத்துறையிலும் ஒரு ஹாக்கி மட்டையைச் சாத்தி வைத்திருந்தார்கள்.

செத்த ஆட்டக்காரனுக்கு அந்த ஊர் செய்யும் மரியாதை. சாத்தின மட்டை, எடுக்க ஆள் வரும் என்பது போல் வாசலில் நிற்கும்.

ஒரு துறையில் இரண்டு பேர் டிரிஷைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். டிரிஷ் அவர்களைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

கார்டுக்கும் என்னவோ செய்தது. ஒரு வரி எழுதி இத்தனை மட்டைகளை வெளியே வரவழைத்துவிட்டோமே என்று பயந்தான். பயந்துகொண்டே போட்டோவும் எடுத்தான்.

* * *

செயின்ட் லூக் அரங்கம்.

உள்ளே அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டம். ஐஸில் மெதுவாக ஒரு கூச்சல் நகர்ந்துகொண்டிருந்தது.

"தம்பி! பாஸ் பண்ணு தம்பி! பந்தாவா நீயே வெச்சுட்டிருக்கியே!"

"தம்பிக்கு மூச்சு வாங்குது, விடுங்கப்பா!"

தம்பி...!

முன்பல் இல்லாமல், வியர்வை வழிய, வாயெல்லாம் சிரிப்பாக நடுவில் நின்றுகொண்டிருந்தான் டக்!

"டக்கீ...!" மார்செல் அலறினான். ஐஸில் ஓடினான். மூன்றாவது அடியில் விழுந்தான். மீதித் தூரத்தை உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து டக்கின் காலைக் கட்டிக்கொண்டான். "உயிரோட இருக்கியாடா!"

"ஏன், என் முட்டி உனக்குத் தகவல் அனுப்பலையா? மடக்கினா வர்ற சத்தம் அக்கரை வரைக்கும் கேக்குமே!" என்றான் டக். பின்னாலேயே வந்தவர்களைப் பார்த்தான். "என்ன கூட்டம்? டோரீன், நீ எங்க இங்க?"

"உன் பிணத்தைத் தேடி வந்தேன்."

"கிடைச்சுதா?"

"இப்பதான் கிடைச்சுது. பேசுது வேற. ஏன்டா, பல்லையும் போனையும் பலகையில வெச்சுட்டு எவனாவது போவானா?"

"போன வருஷம் படகு குலுங்கினதுல ஒரு செட்டு ஏரியில விழுந்துடுச்சு. அதுலேர்ந்து ஐஸுக்குப் போறப்ப துறையிலேயே கழட்டி வெச்சுட்டுத்தான் படகுல ஏறுவேன். டிரிஷுக்குத் தெரியுமே!"

டோரீனின் புருவம் உயர்ந்தது. அவள் டிரிஷைப் பார்த்தாள். டிரிஷ் கூரையைப் பார்த்தாள்.

"அப்ப போன்?"

டக்கின் சிரிப்பு இறங்கியது.

"காலைல இந்தக் கார்ட் எழுதினதைப் படிச்சேன். ஏழு கிளப்பாம்! ஏழு பேருல ஒருத்தன்கிட்டக் கூடவா என் நம்பர் இல்ல? வேணாம்னு சொல்லவாவது கூப்பிடலாமில்ல? அசிங்கமா இருந்துது டோரீன். போனை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். பெரிய லீக்ல என்னைக் கெழவன்றாங்க. இங்க தம்பின்றாங்க. இன்னும் கொஞ்ச நேரம் தம்பியாவே இருந்துட்டு வரலாம்னு..."

கிழவர்களில் ஒருவர் மட்டையால் ஐஸை இரண்டு முறை தட்டினார்.

அப்போது...

ட்ரிங்... ட்ரிங்...!

டோரீன் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒலித்தது.

டக்கின் போன்!

திரையில் பெயர் - ஹால்வர்சன், ரெஜைனா.

டோரீன் உறையைப் பிரித்து டிரிஷிடம் நீட்டினாள். டிரிஷ் ஸ்பீக்கரைப் போட்டு, 'ஹலோ' என்றாள்.

"அம்மா... நான் ஹால்வர்சன். எங்கிட்ட இந்த நம்பர் மட்டும்தான் இருந்துது. என்ன சொல்றதுன்னே தெரியலை..."

"அவன்கிட்டயே சொல்லுங்க" என்று போனை டக்கின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"வணக்கம் சார். செத்தவன் பேசறேன்."

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது.

"ட... டக்?"

அதற்குள் கார்ட் டக்கின் காதைக் கடித்தான். ரேடியோவில் வந்த முழுவதையும் கிசுகிசுத்தான். வாழ்க்கையில் முதல் முறையாக வரி பிசகாமல், உள்ளது உள்ளபடி!

டக்கின் கண்கள் விரிந்தன.

"சார்... என்னவோ பேப்பராமே? இன்னும் மேஜை மேலயே இருக்கா?"

"அது... வந்து... டக்... அது வந்து ஒரு பேச்சுக்கு..."

மார்செல் எழுந்து நின்றான். மறுபடி விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"ஹால்வர்சன்! நாடே கேட்டுது! பக்கத்துல கார்ட் பெல்கி நிக்கறான். 'பேப்பர் இல்லை'ன்னு எழுதட்டுமா, 'பேப்பர் இருக்கு'ன்னு எழுதட்டுமா?"

டக் எல்லோரையும் கையமர்த்தினான். குரல் தணிந்தது.

"சார், மிரட்டலை. எனக்கு ஒன்பது ஆட்டம் போதும். மிச்ச நாளெல்லாம் பெஞ்ச்ல உக்காந்து பசங்களுக்குத் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுக்கறேன். ஒன்பதே ஒன்பது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"செப்டம்பர்ல வந்து சேரு. ஒரு வருஷம்... பேப்பரை இப்பதான் அடிக்கச் சொல்லணும்."

லைன் துண்டானது.

அரங்கம் அதிர்ந்தது! கிழவர்கள் மட்டைகளால் ஐஸை அறைந்தார்கள். டக் முகத்தைக் கையுறைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்தக் கையுறைக்குள் முகத்தை வைக்க ஒரு தனி தைரியம் வேண்டும்.

கார்ட் ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டிருந்தான். 'உறுதி! டக் உயிருடன்! ரெஜைனாவில் ஒரு வருஷம்! முதலில் சொன்னவன் நானே!'

டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. டிரிஷை ஓரமாக இழுத்தாள்.

"ஏன்டி... பல்லைத் துறையிலதான் கழட்டுவான்னு உனக்குத் தெரியும். ஐஸுக்குத்தான் போவான்னு தெரியும். காலைல ஜன்னல் வழியா வேற பாத்திருக்கே. பையைத் தூக்கிப் படகுல வெச்சதையும் பாத்திருப்பே!"

"பாத்தேன்."

"அப்புறம் எதுக்குடி அப்படி அலறினே?"

டிரிஷ் நிதானமாக டோரீனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஜன்னல் வழியா டக்கை மட்டுமா பாத்தேன்? அவன் கிளம்பினப்புறம் நாணல்ல பைனாகுலர் வந்து பளபளத்ததையும் பாத்தேன்."

டோரீன் உறைந்து போனாள்!

"அடிப்பாவி...! கார்டுக்காகவா அலறினே?"

"ரெண்டு வாரமா உயிரோட உக்காந்திருந்தான் டோரீன். ஒருத்தன் மதிக்கலை. ராத்திரி அவன் புரண்டு படுக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் பொய் எதுவும் சொல்லலையே. செத்துட்டான்னு சொன்னேனா? பை ஷெட்ல இருக்குன்னு சொன்னேனா? 'வெப்பான்'னுதான் சொன்னேன். உள்ள எட்டிப் பாக்காதது நீ. போலீசைக் கூப்பிட்டதும் நான் இல்ல. என் வீட்டுத் துறையில நின்னு என் புருஷன் பேரைக் கத்தினேன். அதுக்கு என்ன செக்ஷன்?"

டோரீன் யோசித்தாள். செக்ஷன் இல்லை. இருந்தாலும் அதை எழுதினால், மூக்கை நம்பின கதையையும் சேர்த்து எழுத வேண்டும்!

"மட்டை வெச்சிருந்தவங்களுக்கெல்லாம்..." டிரிஷின் குரல் முதல் முறையாகத் தடுமாறியது, "வீடு வீடாப் போய் நானே பட்டர் டார்ட் சுட்டுக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுடறேன்."

பின்னால் ஸ்கேட் சத்தம். டக்! அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

மனைவிக்கு எதிரே வந்து நின்றான். பிறகு பல்லில்லாத வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தான்.

"அதெல்லாம் சரி டிரிஷ்... அடுத்த ஜூலையில மறுபடி ஒப்பந்தம் முடியுமே. செத்தவனை மறுபடி சாகடிச்சா எவன் நம்புவான்? அப்ப என்ன பண்றது?"

டிரிஷ் கிளாஸிலிருந்து எடுத்து வந்திருந்த பல் செட்டை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த வருஷம் நான் காணாமப் போறேன். நீ அலறு... ஆனா தயவுசெஞ்சு இதை மாட்டிக்கிட்டு அலறு!"